வாவியின் ஒலியும் துடுப்பின் சாட்சியும்

"மீன்பாடும் தேனாடு" என்று மட்டக்களப்பைப் புகழ்ந்துரைப்போர் பலர். அம்மீன் பாடக் கேட்டவர் யாவர் என வினவின், கூட்டம் விரைவில் மெலிந்துவிடும். களுவாஞ்சிக்குடியிற் பிறந்து வளர்ந்த இக்கட்டுரையாளனும் பல்கலைக்கழகம் புகும்வரை அத்தொடரை வெறும் அணியாகவே கொண்டிருந்தான். விஞ்ஞான பீடத்து நண்பரொருவர் ஒருநாள், "உங்கள் மீன் எந்த மீடிறனிற் பாடுகிறது?" என்று நகையாடியபோது விடையிறுக்க இயலாது போயிற்று. நகையாகக் கேட்கப்பட்டாலும் வினா நல்ல வினாவே. அதற்கு விடை தேடிச் சென்றவர்கள் எவரெவர், அவர்கள் கையிலிருந்த கருவிகள் யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மீனின் உயிரியல் ஈண்டு ஆராயப்படவில்லை. அது கலைப்பீட மாணவன் கைவைக்கத்தக்க துறையுமன்று. செவிக்கு எட்டியும் எட்டாமலும் நிற்கும் ஓர் அலையை, ஆய்வுகூடம் எதுவுமற்றோர், கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு சோதித்த வரலாறே ஈண்டு நோக்கப்படுகின்றது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடப்பது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் ஞாயிற்றை வைத்தே எம்மவர் பெயரிட்டனர். வாவி பாடும் இடமாகப் பலராலும் சுட்டப்படுவது நகரை அடுத்த கல்லடிப் பகுதி. காலம், சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையுள்ள அமைதியான மாதங்கள். அவற்றுள்ளும் நிலவுள்ள இரவுகள். எமது களுவாஞ்சிக்குடியோ வாவியின் தென்பகுதியை அண்டியது. அருகிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் 'பாதை' செல்லும். அங்கு வாவி பாடியதாக நூல்கள் எவையும் கூறவில்லை. என் தாய்வழிப் பாட்டனார் மாத்திரம் கூறுவார். அவர் கூற்றைப் பின்னர் நோக்குவோம்.

வாவியொலி பற்றிய எழுத்துச் சான்றுகளுள் விரிவும் நிதானமும் வாய்ந்தது சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் தந்ததாகும். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த இவர் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இவ்வொலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த 'சிலோன்' என்னும் தம் பெருநூலிலும், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலிலும் அதனைப் பதிவு செய்தார். நிலவெழுந்த பின்னர் மீனவருடன் தோணியேறிக் கோட்டை வாயிலை அடுத்த இறங்குதுறையிலிருந்து வடகிழக்கே இருநூறு யார் அளவு சென்றதாக அவர் எழுதுகின்றார். காற்றில்லை, துடுப்பெழுப்பிய சிற்றலையன்றி வேறு அலையில்லை. ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நுண்ணதிர்வை அவ்வொலிக்கு உவமை கூறுகின்றார். ஒரே சுரம் நீண்டதன்றாம். தனித்தனியே தெளிந்த எண்ணற்ற சிற்றொலிகள், உச்சமும் மந்தமும் விரவியனவாய்க் கேட்டனவாம்.

வருணனை அழகியதே. ஆயினும் வரலாற்று மாணவனுக்கு அதனினும் அரியது அவர் அவ்விரவிற் செய்தவற்றின் வரிசை. முதலாவதாக, தோணியின் மரப்பலகையிற் செவியை ஒற்றிக் கேட்டார், ஒலி பெருகிற்று. இரண்டாவதாக, தோணியை நகர்த்தி இடத்துக்கிடம் ஒலி வேறுபடுவதைக் கண்டார். சில இடங்களில் ஒலி அறவே இல்லை, பழைய இடத்திற்கு மீண்டதும் ஒலியும் மீண்டது. மூன்றாவதாக, இது கரையிலுள்ள பூச்சிகளின் இரைச்சல் நீர்ப்பரப்பின் மேலாக வந்து சேர்வதாயிருக்கலாமோ என்று ஐயுற்றார். ஒலி மிகுந்து கேட்ட இடங்கள் கோட்டையும் அதன் கட்டடங்களும் கரையை மறைத்த இடங்களாயிருந்தமையால் அவ்வையத்தைத் தள்ளினார். கருவி ஒரு தோணிப் பலகை; முறையோ இன்றைய பௌதிகவியலாரும் குறைகூறத் துணியாத முறை. தாம் நம்ப விரும்பிய ஒன்று பொய்யாவதற்கு வேண்டிய வாய்ப்பை அவர் தாமே உண்டாக்கிக் கொடுத்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை இவ்வாறு பாராட்டுவது சிலருக்கு உவப்பாயிராது. ஆயின் அவரை அவ்விடத்திற்கு இட்டுச் சென்றவர்கள் மட்டக்களப்பு மீனவரே என்பதையும், ஒலிக்கும் இடங்களை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர் என்பதையும் அவர் நூலே காட்டுகின்றது.

மீனவர் தந்த விளக்கத்தையும் ரெனன்ற் குறித்துள்ளார். பாடுவது மீனன்று, சிப்பி வகையே என்றனராம். அதற்கு அவர்கள் வழங்கிய பெயரை 'ஊரீ கூலீரூ கிராடூ' என்று படிக்கத்தக்கதாக ஆங்கில எழுத்தில் எழுதிக் 'கதறும் சிப்பி' எனப் பொருளும் தந்துள்ளார். முதற்சொல் ஊரி என்பதில் ஐயமில்லை. கரையில் நாம் பொறுக்கும் ஊரிதான். எஞ்சிய பகுதியை 'குளறுகிறது' எனக் கொள்வாரும் உளராகலாம். எனக்கோ 'குளிறுகிறது' என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. குளிறுதல் ஒலித்தல், முழங்குதல் என்னும் பொருளில் பழந்தமிழில் வழங்கிய சொல். அவ்வாறாயின், மீனவர் கூறியது ஒரு பெயரே அன்று. "ஊரி குளிறுகிறது" என்னும் முழுவாக்கியம். துரை பெயர் கேட்டார், மீனவர் நடப்பதைச் சொன்னார், துரை அதனைப் பெயராக எழுதிக்கொண்டார் என்று ஊகிப்பதில் தவறில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி மீனவர் உயிருள்ள சிப்பிகள் சிலவற்றையும் கொணர்ந்தனர். ஒலி ஒரே இடத்தில் நிலைத்திருந்தமை, நீந்தித் திரியும் மீனைவிட அசையாத சிப்பிக்கே பொருந்தும் என்று ரெனன்றும் கருதினார்.

இனி, துடுப்பு. இன்றும் வாவியொலி கேட்கச் செல்வோர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு ஒற்றிக் கேட்பர். இதனைப் பாமர வழக்கமெனத் தள்ளுவார் பௌதிகம் அறியாதார். நீரில் எழும் ஒலி நேராக வளிக்குட் புகுவது மிக அரிது. செங்குத்தாக வந்து மோதினாலும் அதன் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே மேற்பரப்பைக் கடக்கும், எஞ்சியது நீருக்குள்ளேயே தெறித்துத் திரும்பும். நீரும் வளியும் அடர்த்தியிலும் ஒலி வேகத்திலும் அத்துணை வேறுபட்டவை. மரமோ இவ்வகையில் நீருக்கு நெருங்கிய உறவு. ஆகவே நீரின் அதிர்வு மரத்தினுள் எளிதாகப் புகுந்து, மரத்தின் வழியே செவியெலும்பை எட்டுகின்றது. துடுப்பு, தோணியை மாத்திரமன்றி ஒலியையும் கொண்டுசெல்லும் கருவி என்பதை எம் மீனவர் சமன்பாடு எதுவுமின்றி அறிந்திருந்தனர். இதே நோக்கத்துடன் 1826இல் சுவிற்சலாந்தின் ஜெனீவா ஏரியில் கொலடன் என்பார் தகரக்குழாய் ஒன்றை நீரில் இறக்கிக் காதை வைத்தார். ஏறத்தாழப் பதின்மூன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் நீருக்கடியில் மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தப்பட்டது. ஒளி கண்டதற்கும் ஒலி கேட்டதற்கும் இடைப்பட்ட ஒன்பது விநாடிச் சொச்சத்திலிருந்து, நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1435 மீற்றர் எனக் கணித்தார். அதுவும் வீட்டுக் கருவியே. அவருக்கு மணியடிக்கும் இடம் தெரிந்திருந்தது, எம்மவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே வேறுபாடு.

இவ்விடத்தில் விபுலானந்த அடிகளை நினையாது செல்லல் இயலாது. காரைதீவில் 1892இல் தோன்றி, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்று, விஞ்ஞானப் பட்டதாரியாய் விஞ்ஞானமே கற்பித்தவர் அவர். வழக்கொழிந்த யாழின் ஒலியை மீட்க அவர் மேற்கொண்ட முயற்சியே யாழ் நூல். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியபோது, நூலின் ஆய்வுவழி அமைந்த இசைக்கருவிகளும் அவைக்குக் கொணரப்பட்டன. கேட்கவியலாது போன ஓர் ஒலியைக் கணக்காலும் கருவியாலும் மீண்டும் கேட்கச் செய்ய முனைந்த அப்பெரியார், தம் ஊரின் வாவியொலிக்கு வந்தபோது அதனை அளக்கவில்லை. நீரரமகளிரின் இன்னிசையாக்கிப் பாட்டாகத் தந்தார். அவருடைய கையில் இரு திறவுகோல்களும் இருந்தன. வாவிக்கு அவர் எடுத்தது கவிதையின் திறவுகோல். மற்றதையும் எடுத்திருப்பாராயின் என்று எண்ணாதிருக்க என்னால் முடியவில்லை.

ஒலியைப் பிடித்துவைக்கும் வாய்ப்பு அதன் பின்னரே வந்தது. 1960களில் அமெரிக்க யேசு சபைத் துறவியான லாங் அடிகளாரின் உதவியுடன் வாவியொலி இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. இலங்கை வானொலியின் பிறப்பே வீட்டுக் கருவிகளோடு தொடர்புடையது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது: தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு அமைத்த பரப்பியாலேயே 1920களில் கொழும்பில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார் என்பர். லாங் அடிகளாரின் முயற்சியோடு வாவியொலிக்கு முதன்முறையாக ஊருக்கு வெளியிலும் சாட்சிகள் கிடைத்தனர். துடுப்பு ஒருவர் காதுக்கே கேட்கச் செய்வது. வானொலி எல்லோர் காதுக்கும்.

எனினும் ஐயங்கள் தீர்ந்தபாடில்லை. கல்லடிப் பாலத்தின் தூண்களில் நீர் மோதுவதால் எழும் ஓசையே இது என்பாருளர். இதற்கு விடை கூறப் பௌதிகம் வேண்டியதில்லை, காலவரன்முறை போதும். ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயர் தாங்கிய அப்பாலம் 1920களில் எழுந்தது. ரெனன்ற் கேட்டதோ 1848இல். பிறக்காத பாலம் பாடாது.

நிலவு பற்றிய ஐயம் இத்துணை எளிதன்று. முழுநிலவிலேயே வாவி பாடும் என்பது பொதுநம்பிக்கை. ஆயின் பாட்டுக் கேட்கப் போவோர் நிலவிலேயே போகின்றனர். ரெனன்றும் நிலவெழுந்த பின்னரே போனார். இருளிற் போய்க் கேட்டு, இல்லை என்று திரும்பியவர் எத்தனை பேர்? இல்லை என்பதற்குச் சாட்சி தேடாதவிடத்து உண்டு என்பதற்குரிய சாட்சியும் வலுவிழந்துவிடும்.

இவ்வையத்தின் கனத்தை உணர்த்துவது நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் பிரான்சில் நிகழ்ந்த ஒரு செய்தி. நான்சிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புளொண்ட்லோ 1903இல் புதியதொரு கதிரைக் கண்டதாக அறிவித்து, தம் நகரின் முதலெழுத்தால் அதற்கு என்–கதிர் எனப் பெயரிட்டார். எக்ஸ்–கதிர் கண்டு எட்டாண்டே ஆகியிருந்த காலம். புதிய கதிர் ஒவ்வொன்றையும் உலகம் நம்ப ஆயத்தமாயிருந்தது. இருட்டறையில் சிறு தீப்பொறியொன்றின் ஒளி சற்றே கூடுவதைக் கண்ணால் நோக்குவதே அவர் முறை. வேறு பலரும் அக்கதிரைக் கண்டதாக எழுதினர். 1904இல் அமெரிக்கப் பௌதிகவியலார் றொபேட் வூட் நான்சிக்குச் சென்றார். சோதனை நடந்துகொண்டிருந்தபோது, கதிரைப் பிரிப்பதாகக் கூறப்பட்ட அலுமினிய அரியத்தை இருளில் ஒருவரும் அறியாமல் எடுத்துவிட்டார். நோக்கியவர்களோ முன்போலவே அளவுகளைக் கூறிக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் 'நேச்சர்' இதழில் எழுதிய மடலோடு என்–கதிரின் வாழ்வு முடிந்தது. புளொண்ட்லோ ஏமாற்றுக்காரர் அல்லர், அதுதான் அச்சமூட்டுவது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸும் கண்காணா அலையொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை ஐந்து மில்லிமீற்றரளவு வரை குறுகிய மின்னலைகள். அவர் பொருள்கள் புளொண்ட்லோவினுடையவற்றிலும் எளியவை: முறுக்கிய சணல், தாள்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய ஒரு புகையிரத நேர அட்டவணைப் புத்தகம். ஆனால் 1895இல் நகர மண்டபத்தில் அவ்வலைகளைச் சுவரினூடே செலுத்திக் காட்டியபோது, அவை சென்று சேர்ந்ததற்குச் சான்று ஒரு மணி அடித்தமையும் வெடிமருந்து வெடித்தமையும். மணி அடிக்கும், அல்லது அடிக்காது. பார்ப்பவரின் ஆசை அதனுள் நுழைய இடமில்லை. கருவி எளியதா அரியதா என்பதன்று வினா. "இல்லை" என்று சொல்ல அக்கருவிக்கு வாயுண்டா என்பதே.

பாடுவது யார் என்ற பழைய வினாவுக்கு உலகின் வேறிடங்களிலிருந்தும் சில வெளிச்சங்கள் கிடைத்துள்ளன. இரண்டாம் உலகப் போரில், 1942இல், அமெரிக்காவின் செசபீக் குடாவில் நீர்மூழ்கிகளின் வரவை அறிய நீரொலிவாங்கிகளை அமைத்தோருக்கு ஒருவகை மீனினத்தின் இரைச்சலே பெருந்தடையாயிற்று. 1980களின் நடுப்பகுதியில் கலிபோர்ணியாவின் சோசலிற்றோவில் படகுவீடுகளில் வாழ்ந்தோர், இரவில் எழும் தொடர் ரீங்காரத்தால் உறக்கமிழந்தனர். கழிவுநீர்ப் பம்பி என்றனர் சிலர். கடற்படையின் இரகசியச் சோதனை என்றனர் வேறு சிலர். ஈற்றில் அது ஒருவகைத் தேரைமீனின் ஆண், பெண்ணை அழைக்கும் ஓசை எனத் தெளிவாயிற்று. காற்றுப்பையைத் தசையால் அதிர்த்து ஏறத்தாழ நூறு ஹேர்ட்ஸ் மீடிறனில் மணிக்கணக்காக அது ஒலியெழுப்பும். ஒலியெழுப்பும்போது கல்லிடுக்கிலுள்ள தன் கூட்டை விட்டு அசையாது. ஒலி நிலைத்திருந்தமையால் மீனன்று, சிப்பியே என முடிவுசெய்த ரெனன்றின் வாதம் இங்கே தளர்கின்றது. அசையாது நின்று பாடும் மீனும் உண்டு. ஆயின் அந்த மீனே எம் வாவியிலும் என்று கூறுதல் பொருந்தாது. ரெனன்ற் கேட்டது பல சுரம் விரவியது, கலிபோர்ணியாவில் கேட்டது ஒற்றைச் சுரம்.

இவற்றையெல்லாம் படித்தபின் நூலகத்தில் அமர்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. சென்ற விடுமுறையில், மேற்கூறிய விஞ்ஞான பீடத்து நண்பரும் நானும் நீரொலிவாங்கி ஒன்றைச் செய்தோம். பாடும் வாழ்த்து அட்டைகளுக்குள் இருக்கும் பித்தளைத் தட்டு, அழுத்தத்தை மின்னாக மாற்ற வல்லது. அதனை மெழுகில் தோய்த்து, சைக்கிள் ரியூப் துண்டொன்றில் இறுகக் கட்டி, நீண்ட வயரினால் ஒரு சிறு பெருக்கியுடன் இணைத்தோம். முழுநிலவன்று குருமண்வெளித் துறையில், பாதை நின்றபின், அதனை நீரில் இறக்கினோம். இறக்கியவுடன் கேட்டது! மந்தமான, இடையறாத ஒரே சுரம். நண்பர் கைத்தொலைபேசியில் அளந்து நூறு ஹேர்ட்ஸ் என்றார். கலிபோர்ணிய மீனைப் பற்றி அதற்கு முதல்வாரமே படித்திருந்த எமக்கு நிலம் காலிற் பாவவில்லை. அரைமணி நேரம் பதிவுசெய்தோம். கரையில் நின்ற சிறுவர்களுக்கும் கொடுத்துக் கேட்பித்தோம். அவர்களும் மீன் பாடுகிறது என்று துள்ளினர்.

பின்னர் வயரிற் பாசி சிக்கிக்கொண்டது. அதனை எடுப்பதற்காகத் தட்டை நீரிலிருந்து தூக்கினேன். பாட்டு நிற்கவில்லை.

துறையின் மின்விளக்குக்கு வரும் மின்னோட்டம் ஐம்பது ஹேர்ட்ஸ். அதன் இரட்டிப்பு நூறு. எம் கருவி கேட்டுக்கொண்டிருந்தது வாவியை அன்று, விளக்குக் கம்பியை. துடுப்பேந்திய மீனவன் எவனும் இத்தவறைச் செய்யான். மரத்துண்டு மின்கம்பிக்குச் செவிசாய்க்காது. பாசி சிக்காதிருந்தால் இக்கட்டுரை வேறொரு தலைப்புடன், வேறொரு குரலில் வெளிவந்திருக்கும் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன். புளொண்ட்லோவைப் பற்றிப் படித்திருந்தும் அரியத்தை எடுத்துப் பார்க்கும் எண்ணம் எமக்கு வரவில்லை, பாசிதான் எடுத்தது.

அமாவாசையை அண்டிய இரவொன்றில் மாமாவின் தோணியில், விளக்குகளுக்கு எட்டாத் தொலைவிற்குச் சென்று மீண்டும் முயன்றோம். இம்முறை ஐந்து நிமிடத்துக்கொருமுறை தட்டை நீரிலிருந்து தூக்குவதென முன்னரே வகுத்துக்கொண்டோம். நீரில் இருக்கையில் பொரி வறுப்பது போன்ற சடசடப்பு, தூக்கினால் அமைதி. துடுப்பிலும் அதே சடசடப்பு. இறால் வகையொன்று கொடுக்கை நொடிப்பதால் எழும் ஓசையை இவ்வாறே விவரிப்பர். பாட்டு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. "இல்லை" என்றே குறிப்பேட்டில் எழுதினோம்.

பாட்டனார் இளமையில் அதே துறைக்கு அருகே பாட்டுக் கேட்டதாகச் சொல்பவர். போர் நடந்த ஆண்டுகளில் இரவில் வாவியிலிறங்க முடியாதிருந்ததால் அதன்பின் தாம் கேட்கவில்லை என்பார். அவர் சொல்லைப் பொய்யென என் குறிப்பேடு காட்டிவிட்டதோ என்ற கலக்கத்துடனேயே மறுநாட் காலை அவரிடம் சென்றேன்.

"என்ன மனே, பாடிச்சா?"

"இல்லை அம்மப்பா. நிலவில்லாத நாள் போனதாலயோ தெரியா."

"நிலவு நமக்குத்தான் மனே. மீனுக்கென்ன நிலவு? நான் கேட்டது இருட்டுக்க."

நூற்றெழுபது ஆண்டுக்கு மேலாக ஒருவரும் எழுதி வையாத சாட்சி அது. நிலவைத் துணைக்கழைக்காத முதற்சாட்சியும் அதுவே. எவ்விடத்தில் தோணியை நிறுத்தினோம் என்று வினவினார், சொன்னேன். தலையை அசைத்தார்.

"அது சேறு. சேத்துக்க என்ன பாடும்? மண்டூர்ப் பக்கமாக் கல்லுக் கிடக்கு. மறுகா அங்க வெச்சுப் பார்."

கல்லிடுக்கை விட்டு அசையாத மீனைப் பற்றி அவரிடம் நான் எதுவும் கூறியிருக்கவில்லை. கல்லடி என்னும் பெயரிலும் கல் இருக்கின்றது. கற்கிடக்கும் இடத்தை அவர் வரைந்து தந்த தாள் என் குறிப்பேட்டில் உள்ளது. சித்திரை விடுமுறையில், விளக்கில்லாத ஓரிரவிலும் நிலவுள்ள ஓரிரவிலும், துடுப்பையும் தட்டையும் அங்கு கொண்டுசெல்வதாக இருக்கிறோம்.